கோட்டின் மேல் பத்து அடி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உண்மையில் சொல்வதுதான் நான், பேனா உன் அண்ணி கையில். என் கையெழுத்தை இப்போது வங்கிக்காரர்களே ஒத்துக்கொள்வதில்லை. பதினொரு வருடமாகப் பேசாதவன் திடீரென்று கடிதம் போட்டால், ஏதோ தேவை வந்துவிட்டது என்றுதான் நீ நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய். ஆனாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

முதலில் நல்ல சேதி. கண்ணாடிக் கடை நன்றாக ஓடுகிறது. எதிர்க்கடையையும் வாடகைக்குப் பிடித்துவிட்டேன். சைக்கிளில் முகம் பார்க்கும் கண்ணாடி விற்றவன் இன்று லாரியில் இறக்குகிறேன். ஆனால் போன வருடத்திலிருந்து நான் ஷீட் தூக்குவதில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவர் காலும் ஒன்றாக எழ வேண்டிய வேலை அது. என் கால் பிசகியது. ஆளுயரக் கண்ணாடி வாசற்படியிலேயே போயிற்று. பின்னால் பிடித்திருந்த லோடுமேனுக்கு மணிக்கட்டில் ஆறு தையல்.

மறுவாரம் ஒரு வாடிக்கையாளர் வெளியே போகும்போது, "முதலாளி பகல்லயே ஏத்திக்கிட்டாரு போல" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அண்ணி கிட்டே வந்து என் வாயை மோந்து பார்த்துவிட்டு, "டீ வாசனைதான் வருது. கிளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள். (இதையெல்லாமா எழுதுவது என்று இப்போது முறைக்கிறாள். எழுது என்றேன்.)

நரம்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். கன்னத்தைத் தொட்டேன். பிறகு தரையில் டைல்ஸ் சேரும் கோட்டைக் காட்டி, "ஒரு கால் விரலை ஒட்டி அடுத்த கால் குதிகாலை வைங்க. அப்படியே பத்து அடி நடங்க" என்றார். தம்பி, அந்தப் பரிசோதனையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நடத்தியவனே நான்தான்.

நீ மறந்திருக்க மாட்டாய். அன்று காலையில் அப்பா இரண்டு ஷீட்டை உடைத்திருந்தார். நாக்கும் குழறியது. அத்தனை பேர் முன்னாலும் கடைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, நடந்து காட்டச் சொன்னேன். நாலாவது அடியில் சாய்ந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "குடிக்கலப்பா. கால் சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்றார். "பாட்டில் சொன்னா மட்டும் கேக்குதாக்கும்" என்றேன். கடையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அவர் செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் அவரை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாய். ஐந்து வருடம் அவரை நீதான் வைத்துப் பார்த்தாய். அவரை எடுத்த அன்றும் நான் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

டாக்டர் முன்னால் நான் ஐந்தாவது அடியில் சாய்ந்தேன். அப்பாவைவிட ஒரு அடி கூடுதல்.

சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதாம். நடையையும் பேச்சையும் ஒழுங்காக வைத்திருப்பது அந்த இடம்தானாம். "குடிச்சவங்களைத் தள்ளாட வைக்குறதும் அதே இடம்தான். அதனாலதான் பார்க்கிறவங்க ஏமாந்துடுறாங்க" என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். உன் அண்ணிதான் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. தினமும் பயிற்சி செய்தால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம். நடைக்குப் பிறகு பேச்சு, அப்புறம் விழுங்குவது. அப்பாவுக்கு நீ கரண்டி கரண்டியாக ஊட்டியதாகச் சொன்னார்கள். உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் விளக்க வேண்டியது ஒன்றுதான். இது இரத்தத்தில் வருவது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்குப் பிள்ளை இல்லாததை இத்தனை நாள் குறையாக நினைத்தேன். உனக்கு மகள் இருக்கிறாள். கீறல் விழுந்த கண்ணாடியைக் கூடக் கீறல் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறேன். உன்னிடம் மறைப்பேனா? பயந்துபோய் உடனே பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க ஓடாதே. முதலில் நல்ல டாக்டரிடம் உட்கார்ந்து பேசு. தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம்.

ஆனால் எனக்காக ஒன்று செய். யாரும் பார்க்காத நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் ஒரு கோட்டைப் பிடித்துப் பத்து அடி நடந்து பார். பத்தும் நடந்தேன் என்று ஒரு வரி போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். முடியவில்லை என்றால் அந்த வரியும் வேண்டாம், கிளம்பி வந்துவிடு. அப்பா பிடித்துக்கொண்ட அலமாரியிலிருந்து வாசல்வரைக்கும் கைப்பிடி அடித்துவிட்டேன். ஒரு பக்கம் போதுமே என்றார் தச்சர். இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் கால் என்றைக்கும் உன் சொல் கேட்கட்டும்.

உன் அண்ணன்