சிறந்த நடிகையும் முதல் வாசிப்பும்

1992 ஆனி 3, புதன்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. தைக்க வேண்டியவை: பள்ளிச் சட்டை 2, அயல்வீட்டுப் புனிதத்தின் இரவிக்கை (கை மீண்டும் இறுக்கமாம், இறுக்கம் கையில் அல்ல, அவளில்).

கனகராயன்குளம் வாசிகசாலையில் புதுக் கூத்து. சென்னையில் திரைப்பட விருது விழாவாம்; வென்றவர்களை வானொலி ஞாயிறு மாலை வாசிக்குமாம். யார் யார் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிப் பால்மாத் தகரப் பேணிக்குள் போட வேண்டும். விருதுகள் ஐந்து. அப்படங்களில் ஒன்றையேனும் கண்டவர் இவ்வூரில் எவருமிலர். கிழிந்த சஞ்சிகைப் படங்களே ஆதாரம். புனிதம் சிறந்த நடிகரை மீசை பார்த்துத் தெரிவுசெய்தாள்.

சிரித்துவிட்டு வந்திருப்பேன். பரிசைக் கேட்டதும் கால் நின்றுவிட்டது: ஒரு மாதத்துக்குப் பத்திரிகையின் முதல் வாசிப்பு.

ஆனி 5, வெள்ளி

வெயில். நூல் தீர்ந்தது.

நடப்பு ஒழுங்கு: கொழும்புப் பத்திரிகை, ஒரு பிரதி, நான்கு நாட் பழசு. முதலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் சோதியர். பின்னர் நால்வர். ஆறாவது நான். என் கைக்கு வரும்போது வெற்றிலைக் கறை. ஒரு பக்கம் எப்போதும் குறைவு. குறுக்கெழுத்துக் கட்டங்கள் சோதியரால் நிரப்பப்பட்டு, பாதி பிழையாக. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான் அவற்றைப் பென்சிலால் திருத்தி வருகிறேன், ஏழு வருடங்களாக.

இன்று என் சீட்டைப் போட்டேன். சிறந்த நடிகை: விதவையாக நடித்தவள். சோதியர் நாட்டியக்காரியாக நடித்தவளுக்கு எழுதியிருக்கிறார். அவருடைய இரசனை அவ்வளவே.

துரை (செயலாளர்): “மணியக்கா கதைச்சா செய்தி வாசிக்கிற மாதிரிக் கிடக்கு.”

நன்று. யாரேனும் ஒருவர் ஒழுங்காக வாசிக்கட்டும்.

ஆனி 7, ஞாயிறு

பொருளாதாரத் தடைக்குள் பற்றரி ஏது? வழமைபோல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் வானொலியைப் பொருத்தி, பெடலைக் கையால் சுழற்றினார்கள். முறை வைத்து. நான் பெட்டியோடு காதை ஒட்டி அமர்ந்தேன். இவர்களுடைய செவிகளை நம்புவதற்கில்லை.

கதை: எனக்கு. இசை: சோதியருக்கு. பாடல்: எனக்கு. மற்றோர் அனைவரும் பூச்சியம். நான்காவது, சிறந்த நடிகர். சுழற்றும் முறை சோதியருடையது. அவர் ஊகித்த பெயரே வந்தது. மனிதர் பெடலை விட்டுவிட்டு இரு கைகளையும் தட்டினார்! அஞ்சலகம் நடத்திய மூளை.

“ஐயா, சுத்துங்கோ! சுத்துங்கோ!”

சில்லு தளர்ந்தது. குரல் தேய்ந்தது. மறுபடி சுழற்றியபோது பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு, நடிகை தெரியாது.

துரை: “அக்கா, உங்கட காது பெட்டியோடதானே கிடந்தது. ஆரின்ர பேர் சொன்னவங்கள்?”

“கேட்கவில்லை” என்றேன்.

கேட்டது. நாட்டியக்காரி.

பத்திரிகை வந்ததும் முடிவு என்று தீர்மானம். அதை முதலில் விரிக்கப்போகிறவரோ சோதியர்.

ஆனி 9, செவ்வாய்

தையல் ஓடவில்லை. ஒரே ஓரத்தை மும்முறை பிரித்தேன். ஏழு வருடம் பிறர் பிழை திருத்தியவள், ‘கேட்கவில்லை’ என்ற ஒரு சொல்லில் நானே பிழையானேன்.

ஆனி 12, வெள்ளி

பத்திரிகை வந்தது. சோதியர் கண்ணாடியை மாட்டி, பக்கம் புரட்டி, மடித்து, எல்லார் முன்னிலையிலும் என்னிடம் நீட்டினார்.

“பிள்ளை, நீர்தான் வெண்டது. இந்த மாசம் முதல் வாசிப்பு உமக்கு.”

புனிதம்: “பாத்தியே, எங்கட அக்காவை!”

வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்தாம் பக்கம் விரித்தேன். தெளிவான அச்சு: நாட்டியக்காரி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதரல்லர் அவர். குறுக்கெழுத்து வெறுமையாக இருந்தது, ஒரு கட்டமும் தொடப்படாமல்.

இரக்கமாம்! எனக்கு!

திரும்பிப் போய் வாசிகசாலைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘அறிவித்தல். சிறந்த நடிகைக்கான விருது நாட்டியக்காரியாக நடித்தவருக்கே உரியது. ஆகவே வென்றவர் சோதியர். இது எனக்கு ஞாயிறன்றே தெரியும்.’ கீழே என் கையொப்பம்.

பின்னால் சோதியர். நெடுநேரம் வாசித்தார்.

“அந்தக் கடைசி வரியை அழிச்சு விடட்டோ, பிள்ளை?”

“அது பிழையற்ற வாக்கியம், ஐயா. கை வைக்காதீர்கள்.”