உன் ஊர் மழைக்கு இங்கே தார்ப்பாய்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மூட்டு வலி, பக்கத்து வீட்டு நாய், தண்ணீர் மோட்டார் எல்லாம் வழக்கம்போல் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் கேட்டால் ‘ஜோரா இருக்கேம்மா’ என்று ஒரே பாட்டைப் பாடுவாய், அதனால் கேட்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் வேலை போனது எங்களுக்குத் தெரியும். பதறாதே, திட்டுவதற்கு எழுதவில்லை, திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டியிருப்பேன், இலவச நிமிடங்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் நீ ஒரு சிரிப்பு சிரித்து, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படி இல்லை, கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். யார் போட்டுக்கொடுத்தது என்று உன் தோழிகளைச் சந்தேகப்படாதே. போட்டுக்கொடுத்தது நீயே எங்கள் போனில் வைத்துவிட்டுப் போன ப்ராக்ஸிதான்.

போன தடவை நீ வந்திருந்தபோது அப்பா போனை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை நீயே பார்த்தாய். வீட்டுக்காரர்களுக்குச் சுவர் நிறம் காட்டலாம் என்று பெயிண்ட் கம்பெனி பக்கத்தைத் திறப்பார், அது சுற்றிச் சுற்றி வரும், நிறம் வருவதற்குள் அவர்கள் வேறு பெயிண்டரைப் பிடித்திருப்பார்கள். நீதான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, நம் போன் கம்பெனியின் ப்ராக்ஸி வழியாகத்தான் எல்லாம் போகிறது, அங்கே ரயில் டிக்கெட் வரிசைபோலக் கூட்டம், நமக்கு வேறு ப்ராக்ஸி போட்டுவிடலாம் என்றாய். ப்ராக்ஸி என்றால் என்னடி என்று நான் கேட்டதற்கு, நமக்குப் பதிலாகக் கடைக்குப் போய்வருகிற ஆள்மாதிரிம்மா, நாம் கேட்டதை அந்த சர்வர் போய் வாங்கி, படத்தையெல்லாம் சுருக்கி மடித்துக் கையில் கொடுத்துவிடும் என்றாய். அமைப்புகளுக்குள் போய் பழைய எண்ணை அழித்துவிட்டு, நீ வேலை பார்க்கும் ஊரில், உன் அறையில் நீயும் தோழியும் ஓட வைத்திருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியின் எண்ணைப் போட்டுக்கொடுத்தாய், வேண்டாமென்றால் அதை அணைத்துப் பழையதற்கு மாற்றும் வழியையும் எழுதிக்கொடுத்தாய். அன்றைக்கு நிறங்கள் மளமளவென்று வந்து விழுந்ததில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, ‘வேகமா வருதில்ல, பேசாம இரு’ என்றார்.

பிறகு நடந்த தார்ப்பாய்க் கதையை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னோம். டாக்டரம்மா வீட்டு வெளிச்சுவருக்குக் கடைசிப் பூச்சு அடிக்கவேண்டிய நாள். அப்பா காலையில் போனைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குமேல் கொட்டப்போகிறது, ஒருவரும் பிரஷ்ஷைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாரத்தில் ஏறி சுவர் முழுக்கத் தார்ப்பாய் கட்டியாயிற்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது, வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை, அப்பாவும் அவருடைய கையாள் மீசைக்காரரும் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். டாக்டரம்மா வெளியே வந்து வானத்தைப் பார்த்தாராம், தார்ப்பாயைப் பார்த்தாராம், ‘உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?’ என்று கேட்டாராம். டாக்டர் வாயால் அப்படிக் கேட்டுவிட்டார்களே என்று அப்பாவுக்கு அன்று சோறே இறங்கவில்லை. சாயங்காலம் உன்னிடம் பேசும்போதுதான், உன் ஊரில் மதியத்திலிருந்து மழை என்றாய், உன் பெட்டி அங்கே இருப்பதால் நாங்களும் அந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு வானிலைப் பக்கம் அந்த ஊர் மழையைக் காட்டுகிறது என்று விழுந்து விழுந்து சிரித்தாய். மேலே பொடி எழுத்தில் ஊர்ப்பெயர் போட்டிருந்ததாம். அதைப் படிக்கக் கண்ணாடி போடவேண்டும், போட்டால் பெயிண்ட் தெறிக்கும் என்று அவர் போடுவதில்லை, யாரைச் சொல்லி நோவது.

வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே அந்த எண்ணை மாற்றியிருப்பார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அன்று முதல் உன் ஊரிலேயே குடியேறிவிட்டார். உடம்பு இங்கே, கண் அங்கே. காலையில் எழுந்ததும் உன் ஊர் மழை, உன் ஊர்ப் பாலத்தில் பஸ் நிற்பது, உன் ஊர்க் கடையில் கம்பளிப் போர்வை தள்ளுபடி. நம் தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடினாலும் அவருக்குத் தெரியாது, உன் ஊரில் எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று கேள், மூச்சுவிடாமல் சொல்வார். ‘இன்னிக்குப் புள்ளைக்குக் குளிரும்’ என்று சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறார். நான் கிண்டல் செய்வேனே தவிர, அவர் சொல்லும்வரை எனக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் உன் சைக்கிள் தொழிற்சாலையின் படம் வந்தது. மூடிவிட்டார்கள் என்று கீழே செய்தி. வாசலில் குடைகளோடு கூட்டம், முகங்கள் எல்லாம் வெறும் புள்ளி. அப்பா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளாகப் படத்தைச் சுருக்கி வேகமாகக் கொடுத்ததை மெச்சிக்கொண்டிருந்தவர் அன்று அந்தப் ப்ராக்ஸியைக் கண்டபடி திட்டினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, நீ எழுதிக்கொடுத்தபடி அதை அணைக்கச் சொல்லி, பழைய கம்பெனி வழியிலேயே அந்தப் படத்தை மறுபடி கேட்டார். அது வழக்கம்போல் ஆடி அசைந்து, மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வானம், பிறகு தொழிற்சாலைப் பலகை, பிறகு குடைகள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம், பால் பொங்கி வழிந்தது, யாரும் நகரவில்லை. ஓரத்தில் நீ நின்றாய். குடை இல்லை. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள், அவளுடைய பையையும் சேர்த்து நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய். ‘நம்ம புள்ளதான்’ என்றார் அப்பா. பிரஷ்களைக் கழுவப் போய்விட்டார், அவை ஏற்கெனவே கழுவியவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில், மூச்சுவிட நேரமில்லை, அத்தனை வேலை என்றாய். அப்பா உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நானாவது சும்மா இருந்தேனா, அப்பா இப்போதெல்லாம் உங்கள் ஊர்ச் செய்திதான் படிக்கிறார் என்று வாயை விட்டேன். மறுநாள் காலையிலேயே, இது இன்னும் வேகமான ப்ராக்ஸிம்மா, உடனே மாத்திடுங்க என்று வேறு எண்ணை அனுப்பினாய். உன்னைப் பெற்றவளிடமேவா வாலு? வேகத்துக்காக மாற்றச் சொல்கிறாயா, அப்பா கண்ணை மறைக்க மாற்றச் சொல்கிறாயா என்று எனக்குத் தெரியாதா? அந்த எண்ணை நான் போடவில்லை, போடவும் மாட்டேன், படம் பார்த்த அன்றே உன் பெட்டியின் எண்ணைத் திரும்பப் போட்டாயிற்று. எங்களுக்கு உன்மேல் கோபம் கிடையாது, வருத்தம் உண்டு. வேலை போனதற்கு இல்லை, வேலை போகும், வரும், அப்பாவுக்குப் போகாத வேலையா. அன்றைக்கு மழையில் நனைந்துவிட்டு அறைக்குப் போய் யாரிடம் சொல்லி அழுதாய் என்பதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இன்னொரு விஷயம், அப்பா சொல்லவேண்டாம் என்றார், அதனால் சொல்கிறேன். இங்கே நம் வீட்டில் உன் அறையில் அடுக்கியிருந்த பெயிண்ட் டப்பாக்களையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, சுவரைச் சுரண்டித் தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்து வைத்திருக்கிறார். அதோடு நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்றால், நிறத்தை அவள் சொல்லட்டும் என்கிறார். இதை வா என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அங்கேயே இருந்து வேறு வேலை தேடுவதென்றால் தேடு, நல்லதுதான், கொஞ்ச நாள் இங்கே வந்து தூங்கி எழுந்து தேடுவதென்றால் அப்படியும் செய். எதுவானாலும் நிறத்தை மட்டும் சொல். நீ வராவிட்டாலும் அதையே அடித்துவைப்போம். பிரைமரோடு ஒரு சுவரை விட்டுவிட்டுச் சும்மா இருக்க உன் அப்பாவால் முடியாது, தினமும் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொள்ளாதே. நினைத்தது நடந்து, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். அந்தப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அணைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன், இந்தத் தடவை படத்தைச் சுருக்காமல் அனுப்பு. எவ்வளவு நேரமானாலும் நாங்கள் நின்று பார்ப்போம்.

இடையில் எந்த சர்வரும் இல்லாமல்,
உன் அம்மா

பின்குறிப்பு: நாளைக்கு உங்கள் ஊரில் மழை என்று அப்பா சொல்லச் சொன்னார். குடை வாங்கு.