நானூறு ஜோடி பத்தாம் நம்பர் பூட்ஸ்

பாலகாட்,
கோலார் தங்கவயல்.

அன்பு மகன் சரத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. நீயும் மருமகள் தேஜஸ்வினியும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் பேச ஆரம்பித்தால் உனக்கு வகுப்பு வந்துவிடுகிறது, எனக்கு அழுகை வந்துவிடுகிறது, சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ராதிகா படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

போன மாதம் நீ அனுப்பிய செய்தியை நான் யாரிடமும் காட்டவில்லை. பேப்பரில் கட்டுரையாக வந்த, மூடிப்போன நம் தங்கச் சுரங்கத்தைப் பற்றிய அத்தியாயத்தை உன் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன், அப்பா மனசு நோக எழுதி எனக்கு ஒன்றும் ஆக வேண்டாம், இந்த வருஷம் ஊருக்கும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. எட்டு மாதமாக அப்பா உன்னோடு பேசாததற்கு அந்த தாமோதரன்தான் ஆரம்பம். ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் வைத்து, "உன் மவன் மைனை மூடுனது சரின்னு பேப்பர்ல எழுதிக்கிறான், பாத்தியா" என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யூனியனில் இருந்த மனிதர், அவருக்குக் கோபம் வருவதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். பிறகு நான்தான் ராதிகாவைக் கூப்பிட்டு மூன்று நாள் சாயங்காலம் உட்காரவைத்து, உன் இங்கிலீஷ் கட்டுரை முழுவதையும் தமிழில் சொல்லச் சொன்னேன். அப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் பக்கத்தைத் திருப்பவே இல்லை. மேலே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்குக் கீழே வேலை செய்கிறவனுக்குத் தெரிந்தது தெரியாது, விலை என்று ஒன்று இருந்தால்தான் யாருக்கு எது வேண்டும் என்ற சேதி மேலே போய்ச் சேரும், உத்தரவு மட்டும் இருந்தால் சேராது என்று நீ எழுதியிருந்த இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சரி, பிள்ளை கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் போன புதன்கிழமை என்ன நடந்தது என்றால், ராதிகா பெங்களூரு ரயிலுக்கு ஓடுவதற்காக ஃபோனில் ஒரு ஷூ வாங்கினாள், அது சின்னதாகப் போய்விட்டது. மறுநாளே ஒருவர் வந்து அதை எடுத்துக்கொண்டு வேறு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு சின்னதா போச்சுன்னு கூட கேக்கலியா?" என்று அவளிடம் இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகு உள்ளே வந்து என்னிடம் அந்தப் பூட்ஸ் கதையை எடுத்தார். உனக்கு இது தெரியாது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு.

அப்பா மைன் ஸ்டோரில் கிளார்க்காக இருந்தாரில்லையா, சுரங்கத்துக்குள் அண்டர்கிரவுண்ட் போகிறவர்களுக்குப் பூட்ஸ் கேட்டு எழுதுவது அவர் வேலை. இருநூறு ஜோடி கேட்டால் மேலே பாதியாக வெட்டி நூறு கொடுப்பார்கள். அதனால் நானூறு என்று எழுதுவார். எல்லா செக்‌ஷனும் இப்படித்தான் எழுதியது, எல்லாரும் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள் என்றுதான் அவர்களும் வெட்டினார்கள். ஒரு வருஷம் புதிதாக ஒரு ஆபீசர் வந்தார், நல்ல மனசு, தொழிலாளிக்குக் குறை வைக்கக் கூடாது என்று கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார். நானூறு ஜோடியும் வந்து இறங்கியது, நானூறும் பத்தாம் நம்பர். ஃபார்மில் எத்தனை என்று எழுத இடம் உண்டு, என்ன அளவு என்று எழுத இடம் கிடையாது. ஒவ்வொருவர் பாதமும் அப்பாவுக்கு மனப்பாடம், ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் இரட்டிப்பாகக் கேட்டது வெளியே வரும், அடுத்த வருஷம் அதற்கும் கீழே வெட்டிவிடுவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். ஆறாம் நம்பர் கால்காரர்கள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, ஆளை இறக்கும் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அப்புறம் உன் அம்மா கடத்தல்காரி ஆனாள். கோணிப்பைக்குள் இரண்டு ஜோடி வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டுக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டை சம்பங்கியின் செருப்புக் கடைக்குப் போவேன். இரண்டு பெரிசுக்கு ஒரு சின்னது. சம்பங்கி புண்ணியத்துக்குச் செய்யவில்லை, நன்றாக லாபம் பார்த்தார், ஆனால் கேட்ட அளவு கொடுத்தார். நீ மூன்று பக்கம் எழுதியதை நான் கீரைக்கட்டுக்கு அடியில் செய்துகொண்டிருந்தேன், சிரிக்காதே.

அண்டர்கிரவுண்டில் வேலை செய்த நம் ஏசுபாதத்துக்குப் பூட்ஸ் மாற்றித் தரும் முறை அடுத்த வாரம் வர வேண்டியது. அதற்குள் பெரிய பூட்ஸோடு ஏணியில் கால் வழுக்கி விழுந்து, இடது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. மைன் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் அதே சம்பளத்துக்கு மேலே லேசான வேலை கொடுத்தார்கள், ஒரு நாளும் அவரை வீட்டுக்குப் போ என்று சொன்னதில்லை. நீ எட்டு மாதத்தில் பிறந்தபோது இருபத்திரண்டு நாள் அதே ஆஸ்பத்திரிதான் உன்னைக் காப்பாற்றிக் கொடுத்தது. அந்தக் கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். உன் அத்தியாயத்தில் அது ஒரு வரி கூட இல்லை, அதில் எனக்கு உன்மேல் கொஞ்சம் வருத்தம்.

அப்பா இத்தனை வருஷமும் ஏசுபாதத்தைக் கண்டால் தெரு மாறிப் போவது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு, நீயும் வா என்றார். ஏசுபாதம் வீடு இருக்கும் கோரமண்டல் வரை ஆட்டோவில் போனோம். அவர் மனைவி ஜெயசீலி டீ கொடுத்தாள், அப்பா அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார், நானூறு எழுதியது, திருப்பாமல் விட்டது எல்லாம். ஏசுபாதம் கேட்டுவிட்டு, "ஃபார்முல சைஸ் எழுத எடம் இல்லன்னு மைன் பூரா தெரியும் முனி, அதுக்கு உன்னைய நான் இன்னா சொல்லப்போறேன். மூணு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். எல்லாரும் வந்தாங்க, நீ வரல. அதான் எனக்கு" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஏசுபாதம்தான் டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் சரத்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது இது: "எடுக்க வேணாம்னு எழுது. பூட்ஸையும் சேத்து எழுதச் சொல்லு, ஸ்டோர் கிளார்க் முனிரத்தினம்னு என் பேரைப் போட்டே எழுதட்டும்." அதனால் அத்தியாயத்தை எடுக்காதே. ஆஸ்பத்திரியையும் எழுது, அது என் பங்கு. உன் மனசில் பட்டதை எழுதியதற்கும், அப்பாவுக்காக அதையே விட்டுக்கொடுக்க நினைத்ததற்கும் உன்னைப் பெற்றவளுக்கு மனசு நிறைந்துபோயிருக்கிறது. காலையில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடாதே. தேஜஸ்வினிக்குக் கேழ்வரகு மாவு அனுப்புகிறேன், கஞ்சி காய்ச்சிக் குடிக்கச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், குறைவில்லாமல், நீண்ட நாள் வாழ வேண்டும். மாத முடிவுக்குள் பதிப்பகத்துக்குச் சொல்லிவிடு, மறந்துவிடாதே. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அப்பா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார்.

இப்படிக்கு
உன் அம்மா
பாக்யலட்சுமி

சரத்துக்கு, நீ பொய் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. உன் கட்டுரை வந்த அன்றே நான் ஃபோன் செய்திருக்க வேண்டும், ஏசுபாதத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதிரியே உன்னிடமும் வராமல் இருந்துவிட்டேன். ஊருக்கு வா.

அப்பா