சிப்பி கிடந்த மண்

14-6-1974, வெள்ளி.

சூளையிலிருந்து இறக்கி நாலு நாளான பானை, மத்தியானம் யாரும் தொடாமலே பட்டென்று வெடித்தது. உடைந்த சில்லில் வெள்ளைப் புள்ளி. நாக்கில் வைத்தேன், சுட்டது.

பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கும் அந்தோணி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, துறைமுகத்துல தோண்டிப் போட்ட மண்ணையா சுட்டே? அது சிப்பி நொறுங்கிக் கலந்த மண்ணுல்லா! சிப்பியச் சுட்டா சுண்ணாம்பு. ஈரக்காத்து பட்டாலே பொங்குமே, தெரியாதா?"

தெரியும். தினமும் அவர் காளவாயைப் பார்க்கிறவன்தான். வழக்கமாக எடுக்கும் ஆத்தூர் ஆற்று வண்டலைப் போல வழவழப்பாக இருக்கவே, சல்லடையில் சலிக்காமலே பிசைந்துவிட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் இன்னொரு சத்தம். நாளைக்கு மகள் புதுவீட்டில் பால் காய்ச்ச எடுத்து வைத்திருந்த பானை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.