செருப்புக்குள் வைத்த பெட்டி

என் வாயாடி அக்காவுக்கு,

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமலே இரண்டு தீபாவளி சீசன் முடிந்துவிட்டது. அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சேதி இருக்கிறது, கேட்டால் சிரிப்பாய்.

படிப்பைப் பாதியில் விட்ட நான், பதினெட்டு முடிந்ததும் நாரணாபுரத்தில் நீ வேலை பார்த்த பட்டாசு கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டேன். கபடியை மட்டும் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். நாம் இரண்டு பேரும் ஆசைப்பட்ட அணி.

அங்கே எல்லோருக்கும் இறுக்கமான ஒரு பனியன் கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் சின்னப் பை, அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. யார் எங்கே ஓடினார்கள், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் லேப்டாப்பில் தெரியுமாம். "உள்ள பேட்டரி இருக்கு, பத்திரம்" என்றார் பயிற்சியாளர் மேடம்.

பேட்டரி என்றதும் கம்பெனி வாசல் ஞாபகம் வந்துவிட்டது. தீப்பொறி பயத்தில் செல்போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போவோமே, அதே பழக்கத்தில் கருவியை உருவிச் செருப்புக்குள் வைத்துவிட்டு ஆடப் போய்விட்டேன்!

ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் ஆட்டம் நடந்ததால் மேடம் லேப்டாப்பைத்தான் நம்பினார்.

"ஏழாம் நம்பர் யாரும்மா? நின்ன எடத்த விட்டு அசையவே இல்லையே, தூங்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நீ இருந்திருந்தால், "எங்க பாப்பாவையா சொல்றீக?" என்று சண்டைக்குப் போயிருப்பாய். பக்கத்தில் நீ இல்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"மேடம்... பெட்டிதான் தூங்குச்சு. நான் வெளையாண்டேன்."

என் குரல்தான் அக்கா!

"பெட்டி எங்கன இருந்துச்சு?"

"செருப்புக்குள்ள."

காரணத்தைச் சொன்னதும் மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பட்டாசுக்காரப் பிள்ள, இதுல ஒண்ணும் வெடிக்காது. மாட்டிக்கிட்டு இன்னொரு ஆட்டம் ஆடு" என்றார்.

ஆடினேன். லேப்டாப் திரையில் நான் ஆடிய மூலை முழுக்கக் கோடு கோடாக, சின்னப்பிள்ளை கிறுக்கிய சிலேட்டு மாதிரி இருந்தது. "இம்புட்டு ஓடுறவளையா அனுப்பப் பாத்தேன்?" என்று என் பெயரை எழுதிக்கொண்டார்.

ஒரு சந்தேகம். நான் வாய் திறந்தபோது நெஞ்சு அடித்ததை அந்தப் பெட்டி அளந்திருந்தால் என்ன காட்டியிருக்கும்?

அடுத்த மாதம் முதல் ஆட்டம். எனக்காக இனி நானே பேசுவேன் அக்கா, சத்தியம். நீ சும்மா உட்கார்ந்து கேள், உன்னால் முடிந்தால்.

உன் கூடப் பிறந்தவள்,
சித்ரா