ஆஸ்பத்திரிக்குச் சீர் கொண்டு போன கதை

மதுரை
வெள்ளிக்கிழமை மத்தியானம்

என் அன்பு மகள் ரேணுகாதேவிக்கு அம்மா முத்துத்தாய் எழுதுவது. நீயும் மருமகனும் பேரனும் அந்தக் கவுகாத்தி மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, அது தெரிந்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும். இந்தப் பக்கம் நான் சுகம், உன் அப்பா சுகம், ஆடுகளும் சுகம், ஒரு கிடா மட்டும் மதுரையிலேயே தங்கிவிட்டது, அது தனிக் கதை, வரும். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அத்தை கருத்தம்மாள் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படி இல்லை இப்படி என்று வார்த்தைக்கு வார்த்தை திருத்துகிறாள், உன் அப்பா நடுவில் புகுந்து கிடாயைப் பற்றிப் பேசுகிறார், நீ ஆபீஸில் வேலை இருக்கிறது அம்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. வரிசையாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு.

பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம் உன் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு இருந்தது, வலி இல்லை என்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்த புற்றுக்கட்டியும் அப்படித்தானே தொடங்கியது. நாளைக்கே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "செத்தாலும் வரமாட்டேன் மதினி" என்றாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. நான் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் அவள்தான். நான் வாந்தி எடுத்ததை அள்ளினாள், கொத்துக்கொத்தாக உதிர்ந்த என் முடியைக் கூட்டிப் பெருக்கினாள். நானாவது பாதி நேரம் மயக்கத்தில் கிடந்தேன், எல்லாவற்றையும் முழிப்போடு பார்த்தது அவள். அந்தப் பயம் ஒரு பக்கம். அவள் மகள் தங்கமாரிக்கு நரிக்குடியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் பெண்ணை எடுப்பார்களா, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று கேட்டாள். உன் அப்பாவிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அவள் மார்புக்குப் போகும், அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு என்னை முறைப்பாள்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் துர்காதேவி போன் செய்தாள். ஆஸ்பத்திரி தொடங்கி ஐம்பது வருஷம் ஆகிறதாம், பொன்விழாவாம். இங்கே வந்து குணமானவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வாருங்கள், ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்துச் சாப்பாடும் போடுகிறோம் என்றாள். சரி என்று வைத்துவிட்டு ஆட்டுக்குச் சோளத்தட்டை அள்ளிப் போடும்போது சட்டென்று ஒன்று தோன்றியது. எனக்கு மறுஜென்மம் கொடுத்த இடம் என்றால் அது எனக்குப் பிறந்த வீடுதானே. பிறந்த வீட்டு விசேஷத்துக்கு யாராவது கையை வீசிக்கொண்டு போவார்களா. சீர் எடுக்க வேண்டும், தட்டுத் தட்டாக, ஊர்ச்சனத்தோடு. நம் வீட்டில் சீர் என்றால் முதல் தட்டு நாத்தனாருக்கு. அந்த உரிமையை உன் அத்தை விட்டுக்கொடுத்து நீ பார்த்திருக்கிறாயா. உன் கல்யாணத்துக்குக் காய்ச்சலோடு வந்து தூக்கினாள். பங்காளி கருத்தப்பாண்டி வீட்டுக் காதுகுத்தில் தட்டு கை மாறிப்போனதற்கு இன்றுவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் பேசாமல் தெருக்குழாயடிக்குப் போய், ஆஸ்பத்திரிக்குச் சீர் எடுக்கிறேன், கருத்தம்மாளுக்கு முடியாதாம், முதல் தட்டை எதிர்வீட்டுச் சுப்பம்மாள் எடுக்கிறாள் என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டு வந்தேன். நான் குடத்தை இறக்கி வைக்கவில்லை, உன் அத்தை வாசலில் வந்து நிற்கிறாள். "எங்கண்ணன் வீட்டுச் சீருக்கு அசலாளு எப்பிடி மொதத் தட்டு எடுப்பா, நான் என்ன செத்தா போயிட்டேன்" என்று கேட்டாள். நான் அடுப்படிக்குள் திரும்பி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். மதுரைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், சாப்பாடு முடிந்ததும் நைசாகப் பேச்சுக் கொடுத்து டாக்டரம்மா அறைக்குள் தள்ளிவிடுவது என்று துர்காதேவியோடு பேசி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை, ஊரே எடுத்துக்கொண்டது. தேங்காய் பழம் பூ போக, குதிரைவாலி அரிசி ஒரு தட்டு, நிலக்கடலை ஒரு தட்டு, கருப்பட்டி ஒரு தட்டு, டாக்டரம்மாவுக்கு அருப்புக்கோட்டைத் தறிச் சேலை ஒரு தட்டு. வேன் கொடுத்த வீரசோழன் ஊர்க் கடைக்கார பாய், எங்க வீட்டுப் பிள்ளையும் அங்கே போய்த்தான் பிழைத்தது என்று பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொடுத்து, இதையும் ஒரு தட்டில் வையுங்கள் என்றார். உன் அப்பா, கிடா இல்லாமல் சீரா என்று ஒரே பிடியாக நின்று, கொம்புக்கு மஞ்சள் தடவி மாலை போட்டு வேனில் ஏற்றிவிட்டார். காரியாபட்டி தாண்டும்வரை அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் தட்டும் மேளமுமாக இறங்கியதும் வாட்ச்மேன் வெள்ளத்துரை ஓடி வந்து, கல்யாண மண்டபம் அடுத்த தெரு என்றார். "மண்டபத்துக்கு இல்லய்யா, இங்கதான், நாங்க பொண்ணு வீட்டுக்காரக" என்றார் உன் அப்பா. அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். தட்டு போகலாம், நோயாளிகள் தூங்குகிறார்கள் மேளம் கூடாது, கிடா கூடவே கூடாது என்றார். இவர்கள் வழக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே கிடா வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் ஒரு பக்கத்தைத் தின்று முடித்துவிட்டு, எங்களுக்குக் கொடுக்க அடுக்கி வைத்திருந்த மரக்கன்றுக்குப் போய்விட்டது. மேளத்தைத் திருப்பி வேனில் ஏற்றி, கிடாயை வாசலிலேயே கட்டிவிட்டு, சத்தமில்லாமல் வரிசையாக நடந்தோம். சுப்பம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா, சீர் என்றால் குலவை வேண்டாமா என்று ஒரே ஒரு குலவை விட்டாள். வெள்ளத்துரை வாயைப் பொத்திக் கும்பிட்டார். அப்போது மேலே இருந்து யாரோ பதில் குலவை விட்டார்கள் ரேணுகா. நிமிர்ந்து பார்த்தால் மாடி ஜன்னல் எல்லாம் பெண்கள், தலையில் துணி கட்டியவர்கள், கையில் மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்கள், ஒரு ஜன்னல் விட்டு ஒரு ஜன்னல் குலவை போடுகிறார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டு எனக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரம்மாவே படியிறங்கி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். முதல் தட்டோடு உன் அத்தை போனாள். டாக்டரம்மா தட்டைப் பிடித்துவிட்டார், இவள் விடவில்லை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவள், நடுவில் தேங்காய் உருளுகிறது, எனக்கு மானம் போகிறது. பிறகு உன் அத்தை அவர் காதோடு என்னமோ சொன்னாள். டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் தட்டைத் துர்காதேவியிடம் கொடுத்துவிட்டு உன் அத்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மொதத் தட்டு எடுத்தா உள்ள கூப்பிட்டுக் காபி குடுப்பாக போல என்று சுப்பம்மாள் பொருமினாள். உன் அத்தை என்ன சொன்னாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "சீரு வாங்கிட்டீக, இனிமே நான் ஒங்க வீட்டுப் பொம்பள. எனக்கு ஒரு கட்டி இருக்கும்மா, நம்ம சனத்துக்குத் தெரியாமப் பாத்துச் சொல்லுங்க" என்றாளாம். நான் போட்ட திட்டமெல்லாம் எங்கே போயிற்று பார். அவளையே கேட்டதற்கு, நீங்க சுப்பம்மாள் பெயரை எடுத்தபோதே தெரியும் மதினி, ஒங்களுக்குப் பொய் சொல்லத் துப்பில்லை, நோயாளியா வரத்தான் பயம், சீரோட வாரதுக்கு என்ன பயம் என்றாள். அடி கள்ளி என்றேன்.

அவள் உள்ளே இருந்த நேரத்தில் மற்றவர்களை ஆராய்ச்சிக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். சௌந்தரபாண்டியன் என்று ஒரு சின்னப் பையன் டாக்டர், நாங்கள் சம்மதித்துக் கொடுத்த சதைத் துணுக்குகளை எடுத்து வைத்து என்னென்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். முன்னால் எல்லாருக்கும் ஒரே மருந்துதான் என்றும், இப்போது கட்டியின் குணத்தைப் பார்த்து ஆளுக்கு ஏற்ற மருந்து கொடுக்கிறார்கள் என்றும் விளங்க வைத்தார். பூதக்கண்ணாடி மிஷினில் ஒன்றைக் காட்டி, இந்த அம்மாவுடையதும் இப்படித்தான் இருந்தது என்று என்னைப் பார்த்தார். உன் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கம்மங்கதிரு கணக்கா இருந்துக்கிட்டு என் வீட்டுக்காரியவா அந்தப் பாடு படுத்துன" என்று அந்த மிஷினைப் பார்த்து வைதார் பார், அந்தப் பையன் டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் என் நினைப்பெல்லாம் உன் அத்தை போன கதவுக்குள் இருந்தது.

அன்றைக்கே படம் எடுத்து ஊசியும் போட்டுச் சதை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது. அதேதான் ரேணுகா. ஆனால் பதறாதே, சின்னது, வேறெங்கும் பரவவில்லை, மார்பை எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தால் போதும், நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. உன் அத்தை அதைக் கேட்டுவிட்டு, அப்ப முடி கொட்டாதா என்றாள். அனேகமாக அந்த மருந்து தேவைப்படாது என்றார். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் என்னைவிட ஒரு மார்க்கு கூட வாங்கிய மாதிரி. உன் அப்பாவிடமும் தங்கமாரியிடமும் சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னோம். தங்கமாரி, என் கல்யாணத்துக்காகச் சாகப் பார்த்தாயா என்று தாயைப் பிடித்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, அவளே நரிக்குடிக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் வந்து இறங்கினார். நாங்கள் என்ன சொல்லப் போகிறாரோ என்று நிற்கிறோம், அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ரத்தம் வேணும்னா நான் தாரேன் அத்தை" என்கிறார். ரத்தமே கேட்கவில்லை, பாவம். கல்யாணம் ஆவணியில், இப்போதே லீவு சொல்லி வை.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் இதை வார்டில் அவள் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த முறை பாய் எனக்கு. மேலே இருந்துகொண்டு அதிகாரம் செய்கிறாள், வெந்நீர் ஆறிவிட்டது, இட்லி கல்லாக இருக்கிறது, நீங்க பாத்துக்கிற லட்சணம் இம்புட்டுத்தானா மதினி என்கிறாள். கிடா வெள்ளத்துரை வீட்டில் வளர்கிறது, சீராக வந்ததை வெட்டக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. உன் அப்பா தினமும் வெள்ளத்துரைக்குப் போன் போட்டுக் கிடா சாப்பிட்டதா என்று கேட்கிறார், என்னைக் கேட்பதில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பெண்பிள்ளை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அம்மாவுக்கும் வந்து அப்பாவின் தங்கைக்கும் வந்திருக்கிறது, அதனால் மகளுக்கு வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அங்கே ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் இந்தச் சங்கதியைச் சொல்லி ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். இதைச் சொல்லத்தான் உனக்குப் போன் போட்டேன், போட்டேன், ஒவ்வொரு தடவையும் பேரன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஊரையே வேனில் ஏற்றிக்கொண்டு போனவளுக்குப் பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. இத்தனை பக்கம் சிரித்துச் சிரித்து எழுதியது இந்த வரிக்கு வந்து சேரத்தான். போய்ப் பார்த்துக்கொள் தாயே. தள்ளிப் போடாதே. உன் அத்தை இப்போது விழித்துக்கொண்டு, அதை எழுதியாச்சா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்றேன். "பயமா இருந்துச்சுன்னா எனக்கு போன் போடச் சொல்லுங்க, ஒங்களுக்கு வேணாம், நீங்க அழுவீக" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். அவளுக்கே போடு.

மருமகனைக் கேட்டதாகச் சொல். பேரன் கன்னத்தில் என் முத்தம். நம் குலசாமி உன் கூடவே நடந்து வரட்டும், என் கை எப்போதும் உன் உச்சந்தலையில் இருப்பதாக நினைத்துக்கொள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதே, மருமகனைக் கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் நல்ல சேதிக்குக் காத்திருக்கும் அம்மா
முத்துத்தாய்