முகத்துவாரத்துக் குதிரை

மார்ச் 2, திங்கள்

என்னோடு சேர்ந்து கேம் செய்யும் ஜஸீமா காலையில் ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கேமை ஒரு கம்பெனி பார்க்கிறதாம். 20ஆம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துவிட்டால் ஒரு வருடம் சம்பளம் கொடுத்து முடிக்கச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் ஏப்ரல் 1 முதல் நான் வெற்றி மாமா பார்த்து வைத்திருக்கும் கன்டெய்னர் யார்டு ஆபீசில். மாமா தங்கமானவர்தான். அந்த நாற்காலிதான் எனக்கு வேண்டாம்.

மார்ச் 4

கேமுக்குப் பெயர் ‘முகத்துவாரம்’. எண்ணூர் மாதிரி ஓர் ஆற்று வாய், அலையாத்திக் காடு, அனல்மின் நிலையத்தின் சாம்பல் மேடு, தூரத்தில் புகைபோக்கி. சுடுவது, வெட்டுவது கிடையாது. சுற்றிப் பார்ப்பதுதான் விளையாட்டு. மழை வந்தால் பாம்புகள் குப்பத்துக்குள் ஏறிவிடும். அதற்குள் விஷமுறிவு மருந்து தயாராக வேண்டும்.

பச்சிலையைக் கசக்கினால் குணமாகிவிடும் என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. நிஜத்தில் எப்படியோ அப்படி. பாம்பின் விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்குப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அதன் ரத்தத்தில் எதிர்ப்பு ஊறும். பிறகு ரத்தம் எடுத்து, மேலே தெளிகிற நீரை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. மாதக்கணக்கில் ஆகும்.

"மாசக்கணக்கா எவடி குந்திகினு ஆடுவா?" என்றாள் ஜஸீமா. கடைசியில் ஒரு வாரம் என்று முடிவானது. நாளுக்கு ஓர் ஊசி.

மார்ச் 8

கேமை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். காசிமேட்டில் மீன் விற்கும் கை, திரையில் நன்றாகவே ஓடுகிறது. போனைச் சுற்றியிருக்கும் பாலிதீன் கவரை மட்டும் கழற்ற மாட்டாளாம். தண்ணீர் பட்டுவிடுமாம்.

மார்ச் 9

அம்மா குதிரைக்கு ராஜாத்தி என்று பேர் வைத்துவிட்டாள்.

மார்ச் 11

ராஜாத்திக்கு இன்னும் ஓர் ஊசிகூடப் போகவில்லை. புல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இப்படியே போனால் மருந்தும் வராது, ஒன்றும் வராது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் போடவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பாம்பு கட்ச்சது எவனையோ, ஊசி வாங்கறது இதுவா? இது இன்னாடி பாவம் பண்ணிச்சு?"

வலிக்காது என்று பொய் சொல்ல முடியவில்லை. "பாத்துதாம்மா போடுவாங்க. எடுத்த ரத்தத்துல செவப்பணுவ மறுபடியும் அதுக்கே ஏத்திடுவாங்க" என்றேன்.

"திருப்பிக் குட்த்துடுவாங்களா? எங்க, காட்டு."

காட்ட முடியவில்லை. படித்திருந்தும் நான் அதைக் கேமில் வைக்கவே இல்லை. ரத்தப் பை நிறைகிறது, அடுத்த காட்சியில் மருந்துக் குப்பி. குதிரை என்ன ஆனது என்று யாருமே கேட்கவில்லையே. நான் கேட்டேனா?

மார்ச் 13

இரண்டு நாளாக அதே வேலை. இப்போது சிவப்பணுக்கள் குழாய் வழியே திரும்பிப் போகின்றன. ராஜாத்தி தலையை உதறிவிட்டு மறுபடி மேய்கிறாள். அம்மா அந்தக் காட்சியை இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊசிய நீ போடு. என்னால ஆவாது."

நாளையிலிருந்து தினமும் நான்தான் போட வேண்டும். போட்டதும் போனைப் பிடுங்கிக்கொள்வாளாம்.

மார்ச் 20

ஐயோ, இன்றைக்கு நடந்த கூத்து.

அம்மா போனும் என் போனும் ஒரே தள்ளுபடியில் வாங்கியவை. சார்ஜ் போட என்று நேற்று அவள் கவரைக் கழற்றி வைத்திருக்கிறாள், அதிசயமாக. அவசரத்தில் அவள் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கம்பெனியில் ரேகா மேடம் வாங்கித் திறக்கும்போதுதான் ஓரத்தில் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்தேன். ஆட்டமும் அம்மாவுடையது.

ரேகா லாயத்தை விட்டு வெளியே நடந்தார். ராஜாத்தியும் கூடவே நடந்தாள். சாம்பல் மேட்டுக்கு, காட்டுக்கு, தண்ணீர் ஓரத்துக்கு, எங்கே போனாலும் பின்னாலேயே. எனக்கே புதிது. ஊசி போட்ட நேரம் தவிர அந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜஸீமா என் காதில் முணுமுணுத்தாள். "நெறய புல்லு வெச்சா பின்னாடியே வரும்னு சும்மா எழுதி வெச்சேன்டி. எவ அவ்ளோ வெக்கப் போறான்னு வுட்டுட்டேன்."

கடைசி ஊசி வந்தது. ரேகாவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. "அழுத்த மனசு வரல" என்றார். அப்போது பார்த்து போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் என்னிடம் நீட்டினார். "நாளைக்கு வஞ்சிரம் இருக்கான்னு கேக்குறாங்க."

முடிவைப் பிறகு சொல்கிறார்களாம்.

மார்ச் 26

ஒரு தகவலும் இல்லை. ராஜாத்தியின் கடைசி ஊசியை நானும் இன்னும் போடவில்லை. மாமா யார்டு வாசலைக் காட்டிக் கூட்டி வந்தார்.

ஏப்ரல் 1, புதன்

கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை, இன்று யார்டில் சேர வேண்டும். அம்மா காசிமேட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "மழைக்குள்ள மருந்து ரெடி ஆவணும். ராஜாத்திக்கு அந்தக் கடைசி ஊசிய நீ போட்டுடு. போட்டுட்டு புல்லு வையி, மறந்துடாத."

"ஆபீஸ் நேரத்துலயாம்மா?"

"அதான்டி உன் ஆபீஸு."

போட்டேன். புல்லும் வைத்தேன். யார்டுக்குப் போகவில்லை. மாமா அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கிறார்.